மதகடியில் நின்ற மாமன்

புதிதாகச் சேர்ந்திருக்கும் தம்பிமாரே, தங்கச்சிமாரே, முதலில் உங்களுக்கு ஒரு பாராட்டு. நமது மானிடவியல் துறையின் அண்மைக்கால ஆய்வுகளும் சாதனைகளும் என்று நீங்கள் அச்சடித்திருக்கும் புத்தகத்தை ஆற அமர இருந்து படித்தேன். வழவழப்பான தாள், வர்ணப் படங்கள். யார் எந்த நாட்டு மாநாட்டுக்குப் போனார், யாருக்கு என்ன பரிசு கிடைத்தது, எல்லாம் இருக்கிறது. யாரை எங்கே அட்டை கடித்தது என்று மட்டும் ஓரிடத்திலும் இல்லை. எங்கள் காலத்தில் களப்பணி என்றால் முதலில் அட்டைக்கடி, அதற்குப் பிறகுதான் ஆய்வு.

ஓய்வு பெற்ற ஒருவனைக் கூப்பிட்டு, "நாலு வார்த்தை சொல்லுங்கோ சேர்" என்றால் அவன் நாலு வார்த்தையோடு நிறுத்துவான் என்று நம்புகிறீர்களே, அந்த வெள்ளை மனசு எனக்குப் பிடித்திருக்கிறது. பயப்படாதீர்கள். ஒரேயொரு படத்தைப் பற்றித்தான் சொல்லப்போகிறேன். துறையின் நடைக்கூடத்தில் தொங்குகிறதே, அந்தக் கறுப்பு வெள்ளைப் படம். உங்கள் புத்தகத்தில் முதல் சாதனையாகப் போட்டிருப்பதும் அதுதான்.

ஒரு தார் ரோட்டு, ஒரு மதகு, பட்டுச் சேலை போர்த்திய ஒரு பெண்பிள்ளை, அவளுக்கு மாலை போடும் ஒரு மனிதர். பக்கத்தில் தட்டோடு நிற்பவனுக்குக் கழுத்துக்கு மேலே ஒன்றுமில்லை. படம் எடுத்தவர் வெட்டிவிட்டார். அந்தத் தலையில்லாதவன் நான்தான். படத்தின் கீழே, 'ஊவாத் தோட்டங்களில் தாய்மாமன் சீர் பொதுத் தெருவில் வழங்கப்படும் வழக்கம்' என்று எழுதியிருக்கிறது. நேர்முகத் தேர்வில் உங்களில் பாதிப் பேர் அதை ஒப்புவித்திருப்பீர்கள். ஒருவர் அது பழைய எல்லைத் தெய்வ வழிபாட்டின் மிச்சம் என்று விளக்கமும் கொடுத்தாராம். சபாஷ். வேலைதான் கிடைத்துவிட்டதே, இனி நடந்ததைக் கேட்கலாம்.

ஐம்பதுகளின் கடைசிப் பகுதி அது. அப்போது துறை என்றால் ஓர் அறை, ஒரு தட்டச்சுப் பொறி, பேராசிரியர், பிறகு நான். பேராசிரியர் யாழ்ப்பாணத்துக்காரர், நானும் அப்படித்தான். எல்லோரும் அவரவர் ஊர்க் கோயிலையே சுற்றிச் சுற்றி எழுதுகிறார்கள், மலையகத் தோட்டங்களை எட்டிப் பார்க்க ஆளில்லை என்பது அவருடைய நெடுநாள் குறை. ஒருநாள் என்னைக் கூப்பிட்டு, "நீர் பதுளைக்குப் போம். அங்கை குளிர் எண்டு சொல்லுகினம், ஒரு கம்பளிச் சட்டையும் கொண்டு போம்" என்றார். எனக்குக் கிடைத்த களப்பணிப் பயிற்சி முழுவதும் அவ்வளவுதான். உங்களுக்கு இப்போது ஒரு தவணை முழுக்க நடத்துகிறார்களாமே! கம்பளிச் சட்டை பற்றிச் சொல்கிறார்களா?

நான் போன தேயிலைத் தோட்டம் ஊவா மாகாணத்தில், பதுளையிலிருந்து பசறைக்குப் போகும் வழியில் இருந்தது. பெயர் வேண்டாம். ரோட்டுக்கு மேலேயும் தேயிலை, கீழேயும் தேயிலை. இரண்டு பக்கமும் தோட்டத்துக்குச் சொந்தம், நடுவில் ஓடுகிற தார் ரோட்டு மட்டும் அரசாங்கத்தினுடையது. மொனராகலை பஸ் அதில்தான் போகும். தொழிலாளர் வீடுகளான லயங்கள் ரோட்டுக்கு மேலே, கூப்பிடு தூரத்தில். கீழே ஒரு மதகு.

தோட்டத்துப் பெரிய துரை வெள்ளைக்காரர். தமிழ் பேசுவார். ஆனால் வேலை வாங்குவதற்காகப் படித்த தமிழ் அது. போ, வா, நிறுத்து, சும்மா இரு என்பதற்கு அப்பால் அதிகம் நீளாது. மரியாதையாகத்தான் அனுமதி தந்தார். நிபந்தனை ஒன்று போட்டார். சாமி, கலியாணம், கூத்து பற்றி எவ்வளவு வேண்டுமானாலும் கேட்கலாம். சம்பளம், சங்கம் பற்றி மூச்சு விடக்கூடாது. தான் வெளியேற்றிய ஆட்களோடு எந்தத் தொடர்பும் இருக்கக்கூடாது. மீறினால் அடுத்த ரயிலில் நான் போய்விட வேண்டும், எங்கள் துறையிலிருந்து இனி யாரும் ஊவாப் பக்கம் தலை காட்டாதபடி மற்றத் துரைமாருக்கும் சொல்லிவிடுவார்.

தோட்டத்தில் முதல் சில நாட்கள் எனக்குச் சோதனையாகத்தான் போயின. சப்பாத்தும் கண்ணாடியும் போட்டவன் என்பதால் எல்லோரும் என்னை 'ஐயா' என்றார்கள். ஐயா வந்தால் பேச்சு நின்றுவிடும். பிறகு என்ன ஆய்வு? ஒருநாள் கொழுந்து பறித்துவிட்டு வந்துகொண்டிருந்த ராமாயி என்ற பெண்ணிடம், ஐயா என்று கூப்பிட வேண்டாம் என்று கெஞ்சாத குறையாகச் சொன்னேன்.

"அப்ப என்னான்னு கூப்பிடுறதுங்க?"

"எதுவும் சரி" என்றேன்.

பிள்ளைகளே, வாழ்க்கையில் எத்தனையோ விதமாக உளறியிருக்கிறேன். உறவுமுறை படிக்கப் போனவன் உளறக்கூடாத ஒன்று இருக்கிறதென்றால் அது இந்த 'எதுவும் சரி'தான். ராமாயி என்னை மேலும் கீழும் பார்த்தாள். "அப்ப அண்ணேன்னு கூப்பிடுறேன்" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

அன்று மாலையே லயம் முழுக்கச் செய்தி போய்விட்டது. ராமாயியின் புருஷன் கருப்பையா என்னை மச்சான் என்றார். மகள் பாக்கியம் மாமா என்றாள். கருப்பையாவின் தங்கைமார் இரண்டு பேர், அதுவரை என்னைக் கண்டால் முக்காட்டை இழுத்தவர்கள், கதவுக்குப் பின்னால் நின்று, "மச்சானுக்குத் தேத்தண்ணி ஊத்தவா, இல்ல தலையில தண்ணி ஊத்தவா?" என்று கேட்டுச் சிரித்தார்கள். ஒருநாள் உண்மையாகவே ஊற்றினார்கள். நனைந்த சட்டையோடு போய், 'இத்தோட்டத்துப் பெண்கள் இயல்பாகவே நகைச்சுவை உணர்வு மிக்கவர்கள்' என்று பேராசிரியருக்கு எழுதினேன். அதைப் படித்துவிட்டு அவர் பதில் எழுதியதை இன்றைக்கும் மறக்கவில்லை. "ஐசே, உமக்கு அங்கை பொம்பிளையே பாத்துப் போட்டினம். உமக்கு மட்டும்தான் இன்னும் விளங்கேல்லை."

களத்தில் யாராவது உங்களை முறை சொல்லிக் கூப்பிட்டால் உருகிப் போய்விடாதீர்கள். அது உங்களுக்குக் கொடுத்த மரியாதை அல்ல, உங்களுக்குப் போட்ட வேலை. என்ன வேலை என்பது பிறகுதான் தெரிய வரும். எனக்குப் பாக்கியம் பெரியபிள்ளை ஆனபோது தெரிய வந்தது.

"அண்ணே, பிள்ளை உக்காந்திட்டா" என்று ராமாயி வந்து நின்றாள். முகத்தில் சந்தோஷமும் இருந்தது, வேறு ஏதோவும் இருந்தது. சடங்கு என்றால் தாய்மாமன் சீர் கொண்டுவர வேண்டும். அவன் மாலை போட்டுச் சேலை கொடுத்தால்தான் பிள்ளையைச் சபையில் இருத்தலாம். ராமாயிக்குக் கூடப்பிறந்த அண்ணன் ஒருவர் இருந்தார், மாரிமுத்து. அதே தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவர், சங்கத்துத் தலைவர். லயத்துக் கூரை ஒழுகுவதைப் பற்றிக் காலைப் பெரட்டில், எல்லோரும் வேலைக்கு நிற்கும் இடத்தில், துரையை எதிர்த்துக் கேட்டிருக்கிறார். துரை பத்துச்சீட்டுக் கொடுத்து, அதாவது வேலையை விட்டு நீக்கி, குடும்பத்தோடு வெளியேற்றிவிட்டார். தோட்டத்து மண்ணில் மறுபடி கால் வைத்தால் பொலிஸ் என்று உத்தரவு. மாரிமுத்து மொனராகலைப் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டிக்கொண்டிருந்தார்.

"மச்சான், வேற வழி இல்ல. நீங்கதான் மாமனா நிக்கணும்" என்றார் கருப்பையா.

எனக்குத் தலைகால் புரியவில்லை. வெளியிலிருந்து வந்த ஒருவன் வெறும் முறைப் பெயரின் பலத்தில் தாய்மாமனாக நிற்பது! புத்தகங்களில் படித்தது என் கண்முன்னால், அதுவும் என்னை வைத்தே நடக்கப்போகிறது. ஓடிப்போய்ப் பேராசிரியருக்குத் தந்தி அடித்தேன். பதுளைக் கடைத்தெருவில் பட்டுச் சேலையும் வளையலும் சீப்பும் கண்ணாடியும் வாங்கினேன். கடைக்காரர், "தங்கச்சி மகளுக்கா?" என்று கேட்டபோது கொஞ்சமும் கூச்சமில்லாமல் ஆமாம் என்றேன்.

பேராசிரியர் கமராவும் கையுமாக ரயிலில் வந்து இறங்கினார். வந்தவர் மரியாதைக்குத் துரையையும் போய்ச் சடங்குக்கு அழைத்தார். துரையும், "வந்து பார்க்கிறேன்" என்று சொல்லிவிட்டார். எல்லாம் ஒழுங்காக நடக்கிறது என்று நான் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டிருந்தபோது, சடங்குக்கு முதல் நாள் ராமாயி என்னைத் தனியாகக் கூப்பிட்டாள்.

"அண்ணே, ஒன்னு சொல்லுவேன், கோவிச்சுக்கக் கூடாது. எங்க அண்ணன் நாளைக்கு மொனராகலை பஸ்ஸில வர்றாரு."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "உள்ளே வரக்கூடாதே!"

"வர மாட்டாரு. மதகுகிட்டயே நிப்பாரு. அங்க இருந்து பாத்திட்டு அடுத்த பஸ்ஸில போயிருவாரு. நீங்க மாலை போடுறப்ப பிள்ளைய அந்தப் பக்கமாத் திருப்பி நிறுத்தணும், அவ்வளவுதான்." அதற்கு மேல் அவளால் அடக்க முடியவில்லை. "உசுரோட இருக்கிற மாமன் ரோட்டில நின்னு பாக்க, வேற ஆளு மாலை போட்டா, அந்த மாமன் செத்ததுக்குச் சமங்க. என் பிள்ளைக்கு மாமன் செத்திட்டாருன்னு நானே ஊருக்குச் சொல்ற மாதிரி ஆயிருச்சே!"

அவள் அழுதாள். நான் வாங்கி வந்த பட்டுச் சேலையைப் பார்க்கவே எனக்கு வெட்கமாக இருந்தது.

மறுநாள் லயத்து வாசலில் பந்தல், தோரணம், தப்புப் பறை முழக்கம். துரைக்கு ஒரு நாற்காலி. பக்கத்தில் பேராசிரியர், தாய்மாமன் என்றால் யார், ஏன் என்று அவருக்கு ஆங்கிலத்தில் விளக்கிக்கொண்டிருந்தார். கீழே மதகடியில் வெள்ளை வேட்டியும் தோளில் ஒரு மூட்டையுமாக ஒருவர் வந்து நின்றார். துரையைத் தவிர எல்லோரும் அவரைப் பார்த்துவிட்டார்கள். தப்பு அடித்தவருக்குக்கூடக் கை கொஞ்சம் தடுமாறியது.

கருப்பையா மாலையை என் கையில் கொடுத்தார். என் பட்டுச் சேலையைப் போர்த்தி நின்ற பாக்கியம் என்னைப் பார்க்கவில்லை. அவள் கண் ரோட்டில் இருந்தது. ராமாயி தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

இந்த இடத்தில் என்ன செய்ய வேண்டும் என்று உங்கள் பாடக்குறிப்பில் இருக்கிறதா? இருந்தால் எனக்கும் ஒரு பிரதி தாருங்கள். மாலையைப் போட்டால் ஆய்வு பிழைக்கும், மாரிமுத்து உயிரோடு இல்லாத மாமன் ஆகிவிடுவார். போடாவிட்டால் துரை ஏன் என்று கேட்பார். என்னை ரயிலேற்றுவது போகட்டும், கருப்பையா குடும்பத்துக்கும் பத்துச்சீட்டு வரலாம். அப்போதுதான் தோன்றியது: நான் ராமாயிக்கு அண்ணன் என்றால், மாரிமுத்து எனக்கு யார்?

துரையின் பக்கம் திரும்பி ஆங்கிலத்தில் சொன்னேன். "மன்னிக்க வேண்டும். மூத்த மாமன் இருக்கும்போது இளைய மாமன் முதலில் மாலை போடுவது முறையல்ல. அவருடைய உத்தரவு வேண்டும்."

"மூத்த மாமன் யார்?" என்றார் துரை.

"ரோட்டில் நிற்கிறார்."

துரை எழுந்து பார்த்தார். முகம் செக்கச்செவேல் என்று ஆனது. "அவன் தோட்டத்துக்குள்ள வரக்கூடாது!" என்று தமிழிலேயே கத்தினார். தப்பு நின்றுவிட்டது.

"அவர் வர மாட்டார்" என்றேன். "நாங்கள்தான் அங்கே போகிறோம்." என் குரலா அது என்று எனக்கே சந்தேகமாக இருந்தது.

துரை பேராசிரியரைப் பார்த்தார். இது உண்மையாகவே வழக்கம்தானா என்று ஆங்கிலத்தில் கேட்டார். பேராசிரியர் கண்ணாடியைக் கழற்றிக் கைக்குட்டையால் துடைத்தார். அவர் அப்படிச் செய்தால் பெரிய முடிவு ஒன்று எடுக்கப்போகிறார் என்று அர்த்தம், அல்லது கண்ணாடி அழுக்காக இருக்கிறது என்று அர்த்தம். துடைத்து முடித்துப் போட்டுக்கொண்டு, "எங்கள் ஆய்வுக்கு மிக முக்கியமான கட்டம் இதுதான். வெளிச்சமும் ரோட்டில்தான் நன்றாக விழுகிறது" என்றார். பிறகு கமராவைத் தூக்கிக்கொண்டு எல்லோருக்கும் முன்னால் இறங்கி நடக்கத் தொடங்கினார். கவனியுங்கள், மனிதர் ஒரு சொல் பொய் சொல்லவில்லை.

அதற்குப் பிறகு யார் நிற்பார்கள்? தப்பு மறுபடி முழங்கியது. லயம் முழுக்கப் பந்தலை விட்டு இறங்கியது. பிள்ளையை நடுவில் விட்டு, தட்டுகளைத் தூக்கிக்கொண்டு எல்லோரும் ரோட்டுக்குப் போனோம். மாரிமுத்து எங்களைப் பார்த்துப் பயந்து ஓர் அடி பின்வாங்கினார், தன்னைத் துரத்தத்தான் வருகிறார்கள் என்று நினைத்தாராம்.

"அண்ணே!" என்று ராமாயி கத்தினாள்.

நானும் திரும்பினேன், அவரும் திரும்பினார். அவள் என்னைப் பார்க்கவில்லை. ஒருத்தி என்னைப் பார்க்காமல் போனதற்காக நான் மனம் குளிர்ந்தது அந்த ஒரு தடவைதான். என் கைத் தட்டிலிருந்த மாலையை மாரிமுத்துவிடம் கொடுத்தேன். அவர் அதைப் பிள்ளையின் கழுத்தில் போட்டார். மூட்டையைப் பிரித்து, தான் கொண்டுவந்த நூல் சேலையை எடுத்து என் பட்டுச் சேலைக்கு மேல் போர்த்தினார். பாக்கியம் அவர் காலில் விழுந்தாள். அதற்குள் வளைவில் வந்த பஸ் நின்றுவிட, கொண்டக்டரும் பயணிகளும் இறங்கி வேடிக்கை பார்த்தார்கள், யாரோ ஓர் ஆச்சி குலவையும் போட்டாள். மாரிமுத்து கண்ணைத் துடைத்துக்கொண்டு என்னிடம் திரும்பினார். "தம்பி, நீயும் ஒரு மாலை போடு" என்றார். அப்படியாக நான் சின்ன மாமன் ஆனேன்.

அந்தப் படத்தை மறுபடி நன்றாகப் பாருங்கள். வலது மூலையில், புல்லில், பளபளப்பான இரண்டு சப்பாத்து தெரியும். தோட்டத்து எல்லையில் நின்று, மாரிமுத்துவின் கால் உள்ளே வருகிறதா என்று கடைசி வரை காவல் காத்த துரையின் சப்பாத்து அது. கால் வரவேயில்லை. பாவம், மனிதருக்கு ஒன்றும் செய்ய முடியவில்லை.

அன்று பதுளை ரயில் நிலையத்தில் பேராசிரியரிடம் கேட்டேன், "சேர், மாமனைத் துரத்தினதால்தான் ரோட்டுக்குப் போனோம் என்று எழுதவேண்டாமா?"

"எழுதினா அந்த மனுசிக்கு நாளைக்கே பத்துச்சீட்டு. நீரா அவைக்குச் சோறு போடப் போறீர்?" என்றார். "நாங்கள் கண்டதை எழுதுவம். சீர் எங்கை நடந்தது? ரோட்டிலை. அதைக் கண்டம் எண்டு எழுதினாப் போதும்."

அப்படியே எழுதினார். அவர் எழுதியது 'காணப்பட்டது' என்ற சொல்தான். அதை 'வழக்கம்' ஆக்கியவர்கள் பின்னால் வந்த நீங்கள். அதற்கு எல்லை, வாசல், கடப்பு என்று எத்தனை தத்துவம்! ஆனால் பேராசிரியர் அச்சான கட்டுரையில் ஒரு பிரதியைத் துரைக்கும் அனுப்பிவைத்திருந்தார். அச்சில் வந்ததென்றால் துரைமாருக்கு வேதம். வெளியேற்றப்பட்ட இன்னொருவரின் தங்கை வீட்டில் சடங்கு வந்தபோது, அவர்கள் கேட்பதற்கு முன்பே துரை, "ரோட்டுக்குப் போ. அதுதான் வழக்கம்" என்றாராம். கருப்பையா இதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார். பேராசிரியர் எதற்காக அந்தப் பிரதியை அனுப்பினார் என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது. நான் கேட்கவில்லை, கேட்டிருந்தால் கண்ணாடியைத் துடைத்திருப்பார்.

அறுபதுகள் தொடங்கியபோது ராமாயியின் சின்ன மகளுக்குச் சடங்கு. சின்ன மாமன் வராவிட்டால் நடக்காது என்று ஆள் அனுப்பியிருந்தாள். பழைய துரை சீமைக்குப் போய்விட்டார். புதிய துரைக்கு மாரிமுத்து யாரென்றே தெரியாது, தடையும் கிடையாது. நான் முன்கூட்டியே போய்ப் பந்தலடியில் நின்றேன். மொனராகலை பஸ் வந்தது. தலை நரைத்த மாரிமுத்து இறங்கினார், மதகடிக்குப் போனார், மூட்டையை வைத்துவிட்டு அங்கேயே நின்றார்.

நான் கீழே ஓடினேன். "அண்ணே, இப்போது தடை ஒன்றும் இல்லையே. உள்ளே வாருங்கள்."

"தெரியும் தம்பி" என்றார். "ஆனா வழக்கம்னு ஒன்னு இருக்குல்ல?"

நான் சிரித்துவிட்டேன். அவர் சிரிக்கவில்லை.

"என்னைய வெளிய போடான்னு தொரத்துனப்ப நான் ஒத்தை ஆளாத்தான் இந்த ரோட்டில நடந்தேன். அன்னைக்கு என்னைத் தேடி லயமே இறங்கி வந்துச்சு. இப்ப நான் பாட்டுக்கு உள்ள வந்திட்டா, அது வந்ததை யாரு நெனைச்சுக்குவா?"

அவர் பக்கத்திலேயே நின்றேன். மேலே தப்பு முழங்கத் தொடங்கியது. பந்தலிலிருந்து ஊர் முழுக்கத் தட்டும் பிள்ளையுமாக இறங்கி வந்துகொண்டிருந்தது.

"அண்ணே! அங்க என்னா நின்னு பேச்சு? இந்தத் தட்டை யாரு தூக்குறது?" என்று ராமாயி பாதி வழியிலிருந்து கத்தினாள்.

இந்தத் தடவை அவள் என்னைத்தான் பார்த்தாள். நான் ஏறிப் போய்த் தட்டை வாங்கிக்கொண்டேன்.